மங்கிய இரவு சைட்டுகளை மாற்றுவதும் நேர் வைப்பதும்

பிஸ்டலின் இரவு சைட், அதாவது இருட்டிலும் குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் பொருத்திய, ஒளிரும் புள்ளி கொண்ட துண்டு, ஒரே நாளில் அணைந்து போவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகவே ஒளி குறைவதால், அன்றாடம் அதைக் கையாளுகிறவரின் கண் அந்தக் குறைவுக்குப் பழகிவிடுகிறது. புதிய துப்பாக்கி ஒன்றை இருட்டில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில்தான் தம்முடையது எவ்வளவு மங்கிவிட்டது என்பது உறைக்கிறது. சைட்டுகளை மாற்றுவது, பொறுமையும் சரியான கருவிகளும் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பலரும் இதை விளக்கு மாற்றும் வேலை என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். விளக்கோடு சேர்த்து, குண்டு எங்கே படும் என்பதைத் தீர்மானிக்கிற எஃகு விளிம்புகளும் மாறிவிடுகின்றன. பின்னால் வரும் தலைவலிகள் எல்லாம் அந்த விளிம்புகளிலிருந்துதான் வருகின்றன.

இங்கே சொல்லப்படுபவை முறையான உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும், அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் உரியவை. பணிக்காக வழங்கப்பட்ட துப்பாக்கியாக இருந்தால், அதில் கை வைக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏன் மங்குகிறது

இரவு சைட்டின் உள்ளே இருப்பது ட்ரிட்டியம் என்னும் வாயு. ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். இரண்டு முனைகளும் மூடப்பட்ட மிகச் சிறிய கண்ணாடிக் குழாயின் உட்சுவரில் ஒளிரும் பொடி பூசப்பட்டிருக்கும். ட்ரிட்டியம் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரான்கள் அந்தப் பொடியில் மோதி அதை ஒளிரச் செய்கின்றன. மின்கலமும் வேண்டாம், பகலில் வெளிச்சம் காட்டவும் வேண்டாம். ஆனால் ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். அதாவது, குழாய் நிரப்பப்பட்ட நாளில் இருந்த வாயுவில் ஐந்து ஆண்டு கழித்து முக்கால் பங்கும், 12 ஆண்டு தாண்டியதும் பாதியும், 25 ஆண்டில் ஏறக்குறைய கால் பங்கும் மட்டுமே மிஞ்சும். மற்றதெல்லாம் ஹீலியமாக மாறியிருக்கும். ஓயாமல் அடி வாங்குகிற ஒளிரும் பொடியும் கூடவே நலிவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளி இந்தக் கணக்கைவிடச் சற்று வேகமாகவே இறங்கும். பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் இதே கதைதான். பழைய இருப்பிலிருந்து சைட் வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் தயாரிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

பெரும்பாலான சைட்டுகளில் பச்சை நிறத்தையே காண்பதற்கும் காரணம் உண்டு. இருட்டுக்குப் பழகிய கண் நீலம் கலந்த பச்சையைச் சிவப்பைவிடப் பல மடங்கு எளிதாக உணர்கிறது. ஆகவே அதே அளவு வாயுவைக் கொண்டு பச்சைதான் அதிகப் பிரகாசமாகத் தெரியும். ஆரஞ்சு, மஞ்சள் குழாய்கள் முன்னதாகவே பயனற்றுப் போவதாகத் தோன்றுவதும் இதன் மறுபக்கம்தான்.

மாற்ற வேண்டுமா என்பதைச் சோதிக்க, துப்பாக்கியை முதல் நாள் இரவே வெளிச்சம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். இப்போதைய சைட்டுகள் பலவற்றில் முன் சைட்டின் குழாயைச் சுற்றி ஒளியைச் சேமித்து வெளியிடும் வண்ண வளையம் இருக்கும்; சற்று முன் விளக்கொளியில் இருந்த துப்பாக்கியை உடனே இருட்டில் பார்த்தால், ஒளிர்வது வளையமா குழாயா என்று பிரித்தறிய முடியாது. மறுநாள் இருட்டறையில் இருபது, முப்பது நிமிடம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிய பிறகு பாருங்கள். அந்த நிலையிலும் முன் புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தாலோ, பின் புள்ளிகள் முன் புள்ளியைவிடப் பளிச்சென்று தெரிந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்த இரண்டு நிலைகளில் இரண்டாவதுதான் மோசம். கண் தானாகவே அதிக ஒளியுள்ள பக்கம் ஓடும். சுடும்போது கண் நிலைக்க வேண்டியது முன் சைட்டில்.

வாங்கும்போது

முன், பின் இரண்டையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுப்பாக வாங்குங்கள். முன்னது மட்டும் அணைந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒளியைப் பொறுத்தவரை போதும். புதிய முன்னும் மங்கிய பின்னும் நல்ல சேர்க்கைகூட. சிக்கல் உயரத்தில் இருக்கிறது. பகலில் நாம் முன் சைட்டின் மேல் விளிம்பைப் பின் சைட்டின் மேல் விளிம்போடு சமமாக வைக்கிறோம். இரவில் விளிம்பு தெரியாது, புள்ளிகளையே சமமாக வைக்கிறோம். இரண்டும் ஒரே இடத்தில் சுட வேண்டுமானால், புள்ளி தன் விளிம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது முன்னிலும் பின்னிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முன் புள்ளி விளிம்புக்கு 2 மி.மீ. கீழேயும், பின் புள்ளிகள் 1.7 மி.மீ. கீழேயும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் சமமாக்கும்போது முன் விளிம்பு 0.3 மி.மீ. எழும்பி நிற்கும். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 165 மி.மீ. தூரம் உள்ள துப்பாக்கியில், அது 25 மீட்டரில் குண்டை ஏறக்குறைய 4.5 செ.மீ. மேலே கொண்டுபோகும். பகலில் நேராகச் சுடுகிற துப்பாக்கி இரவில் மட்டும் மேலே சுடுவதன் காரணம் பல நேரங்களில் இவ்வளவுதான்.

குறி வைக்கும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில தொகுப்புகள் முன் சைட்டின் மேல் விளிம்பு இலக்கின் நடுவைத் தொடும்போது அங்கே குண்டு படும்படி செய்யப்பட்டவை; சில, முன் புள்ளியே இலக்கின் நடுவை மூடும்போது படும்படி செய்யப்பட்டவை. பழைய சைட் ஒரு முறையிலும் புதியது இன்னொரு முறையிலும் இருந்தால், சரியாகப் பொருத்திய பிறகும் குண்டு மேலேயோ கீழேயோ போகும். பொருத்தியதில்தான் பிழை என்று நினைத்து நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பள்ளத்தின் வடிவமும் முக்கியம். சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதிதான் ஸ்லைடு; அதன் மேல் குறுக்காக வெட்டப்பட்ட, அடி அகன்று வாய் குறுகிய பள்ளத்தை டவ்டெயில் என்பார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளிலேயே அதன் அகலமும் சாய்வும் வேறுபடலாம். எல்லாத் துப்பாக்கிகளிலும் முன் சைட் தனித் துண்டாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம்: பெரெட்டா 92எஃப்எஸ் போன்றவற்றில் முன் சைட் ஸ்லைடோடு ஒரே உடல், அதைத் தட்டிக் கழற்ற முடியாது. குளோக்கில் முன் சைட்டை ஸ்லைடின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு அறுகோணத் திருகு பிடித்திருக்கும்.

கருவிகள்

சைட்டைத் தள்ளும் திருகுக் கருவி ஒன்று அவசியம். சைட் புஷர் என்று கேட்டால் கிடைக்கும். பித்தளைத் தட்டுக்கோலும் (பஞ்ச்) சுத்தியலும் கொண்டு இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தவர்கள் இருக்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனாலும் கண்ணாடிக் குழாய் உள்ள சைட்டுக்குச் சுத்தியலைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. திருகுக் கருவி சீரான அழுத்தம் தரும், அரை மி.மீ. நகர்த்த வேண்டிய இடத்தில் அரை மி.மீ. மட்டும் நகர்த்தும். இதைத் தவிர, வெர்னியர் காலிபர், நைலான் அல்லது மரத் தாடை பொருத்திய வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி), மாஸ்கிங் டேப், கூர்முனைப் பென்சில், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நடுத்தர வலிமையுள்ள நீல நிறத் திருகுப் பசை, கண்ணாடித் துண்டு ஒன்று, 400 எண் உப்புத்தாள், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை போதும். குளோக்குக்கு மெல்லிய சுவர் கொண்ட 3/16 அங்குல அறுகோண முனை தனியாக வேண்டும். சாதாரண நட்டுத் திருப்பி அந்தக் குறுகிய இடத்தில் இறங்காது.

கழற்றுதல்

தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். முதலில் மேகசினை எடுங்கள், அதன் பிறகே ஸ்லைடைப் பின்னால் இழுங்கள். குழலில் தோட்டா உட்காரும் இடமான சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதியுங்கள். இந்த வரிசையை மாற்றினால், ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். பிறகு ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, குழலையும் மீள்சுருளையும் எடுத்துவிடுங்கள். அழுத்தம் தரப்போகும் இடம் பின் சைட் என்பதால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி வரிசையில் பின் சைட்டின் அடியில் சிறு மூடியும் சுருளும் உண்டு; சைட் நகர்ந்து அந்த இடத்தைக் கடந்ததும் அவை கூரைக்குத் தாவும். பாதுகாப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. மூடியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு மெதுவாகத் தள்ளினால் சிக்கல் இல்லை.

எதையும் அசைப்பதற்கு முன் அளவு எடுங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இது. ஸ்லைடின் இடது பக்கச் சுவரிலிருந்து பின் சைட்டின் இடது விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது, வலது பக்கம் எவ்வளவு, ஸ்லைடின் மேற்பரப்பிலிருந்து முன், பின் சைட்டுகளின் உயரம் என்ன என்று அளந்து தாளில் எழுதுங்கள். துப்பாக்கி இதுவரை நேராகச் சுட்டுவந்திருந்தால், அந்த எண்கள்தாம் உங்கள் மூலப் பத்திரம். முதன்முதலில் நான் மாற்றிய சைட் ஒன்றில் இதைச் செய்யவில்லை. பழையது பள்ளத்தின் நடுவில்தான் இருந்திருக்கும் என்று எண்ணி, புதியதைத் துல்லியமாக நடுவில் வைத்தேன். பழையது முக்கால் மி.மீ. வலப்பக்கம் தள்ளி இருந்திருக்கிறது; அந்தத் துப்பாக்கிக்கு அதுவே நேர். அதை மீண்டும் கண்டுபிடிக்க ஒரு பெட்டித் தோட்டாவும் ஒரு முழுக் காலையும் செலவாயின. அளவெடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சைட்டில் பூட்டுத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பின் சைட்டின் நடுவில் ஊசிமுனை அளவு அறுகோணக் குழி இருந்தால் அதுதான். அதைத் தளர்த்தாமல் தள்ளினால், திருகின் முனை பள்ளத்தின் தரையில் கோடு இழுத்துக்கொண்டே வரும். பழைய பசை இறுகியிருந்தால் நெருப்பைக் கொண்டுபோக வேண்டாம். சாவியை நன்றாக உள்ளே அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் சிறிது அசைத்தால் நடுத்தரப் பசை பொதுவாக விட்டுவிடும். சிவப்புப் பசைக்குச் சூடு இல்லாமல் வேலை நடக்காது என்பதால், அந்த நிலையில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில் சூடு காட்டுவது வீட்டில் செய்யும் காரியம் அல்ல.

சைட்டைக் கழற்றும் திசைக்கு வழக்கம் ஒன்று உண்டு. குழலின் வாய் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது, பழையதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளி எடுக்க வேண்டும். புதியதை வலப்பக்கத்திலிருந்து நுழைத்து இடப்பக்கம் தள்ள வேண்டும். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். புஷரில் ஸ்லைடை இறுக்கிப் பிடிக்கும்போது, தோட்டா உறை வெளியேறும் ஜன்னலின் மெல்லிய சுவரில் பிடி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளும் முனை சைட்டின் அடிப்பாகத்தில், பள்ளத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பட வேண்டும். மேலே பட்டால் சைட் சாய்ந்துகொண்டு பள்ளத்தில் இறுகும். மேலும் திருகினால் புஷரின் திருகுதான் வளையும். சாய்ந்த பக்கங்கள் கொண்ட சைட்டுக்குச் சாய்ந்த முகம் கொண்ட முனை உண்டு. அது இல்லாமல் தொடங்க வேண்டாம். தொழிற்சாலையில் பொருத்தியது முதல் அசைவுக்கு மட்டும் கடுமையாக அடம்பிடிக்கும்; "டக்" என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுத்த பிறகு சுகமாக வரும்.

பொருத்துதல்

காலியான பள்ளத்தைப் பழைய பசை, எண்ணெய், கருந்தூள் எல்லாம் போக ஆல்கஹாலால் துடையுங்கள். விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். புதிய சைட்டைக் கையால் நுழைத்துப் பாருங்கள். பள்ளத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் கை அழுத்தத்தில் போய், அதற்கு மேல் போக மறுத்தால் பொருத்தம் சரி. வாயிலேயே நின்றுவிட்டால் அதிக இறுக்கம். கையாலேயே மறுபக்கம் வரை போய்விட்டால் தளர்ச்சி.

இறுக்கமாக இருந்தால் தேய்க்க வேண்டியது சைட்டை, ஒருபோதும் ஸ்லைடை அல்ல. சைட் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். ஸ்லைடின் பள்ளம் அகன்றுவிட்டால் இனி வாங்கப்போகும் எல்லாச் சைட்டுகளும் அதில் ஆடும். சைட்டிலும் சாய்ந்த பக்கங்களைத் தொடாமல், அடிப்பரப்பை மட்டும் தேய்ப்பது பாதுகாப்பானது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளைத் தட்டையாக ஒட்டி, சைட்டின் அடியை அதில் சமமாக வைத்து நாலைந்து முறை இழுத்து, துடைத்து, மறுபடியும் நுழைத்துப் பாருங்கள். அடியை முன்கூட்டியே பேனா மையால் கறுப்பாக்கிக்கொண்டால் எந்த இடம் தேய்கிறது என்பது தெரியும். ஒரு ஓரம் மட்டும் வெள்ளையாகி மற்றது கறுப்பாகவே இருந்தால், நீங்கள் சாய்வாகத் தேய்க்கிறீர்கள். அவசரப்பட்டு இருபது முறை இழுத்துவிட்டு, பிறகு சைட் பள்ளத்தில் ஆடுகிறதே என்று வருந்துவதைவிட, நாலு நாலாகப் பத்துத் தடவை போவது மேல். தளர்ந்த சைட்டுக்கு அடியில் பித்தளைத் தகடு வைத்து ஒப்பேற்றுவதும் உண்டு. அது தற்காலிக ஏற்பாடு. திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவதே சரி.

ஸ்லைடின் மேற்பரப்பில் கீறல் விழாமல் பள்ளத்தின் இரு பக்கமும் டேப் ஒட்டி, புஷரால் மெதுவாகத் தள்ளுங்கள். குழாயின் முகப்பில் எதுவும் அழுந்தக் கூடாது. பழைய அளவுகளை எழுதி வைத்த தாள் இப்போது மேசையில் இருக்க வேண்டும்: புதிய சைட்டின் அகலம் பழையதைப் போலவே இருந்தால் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள், அகலம் வேறு என்றால், விளிம்பை விட்டுவிட்டு நடுப்பிளவின் மையத்தைக் கணக்கிட்டு வையுங்கள். பூட்டுத் திருகை இப்போதைக்கு மென்மையாக மட்டும் இறுக்குங்கள், பசை வேண்டாம். இன்னும் நகர்த்த வேண்டியிருக்கும்.

குளோக்கின் முன் சைட்டில் கவனிக்க வேண்டியது வேறு. ஸ்லைடில் உள்ள துளை நீள்வட்டமானது. அதில் உட்காரும் சைட்டின் கால் சற்று விளையாடும். திருகை இறுக்கும்போது திருகோடு சேர்ந்து சைட்டும் ஒரு இம்மி திரும்பிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் நேராகத் தோன்றும், பின்னாலிருந்து பார்க்கும்போது பின் சைட்டின் பிளவுக்குள் முன் சைட்டின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடுகளில் ஒன்று மெலிந்திருக்கும். ஆகவே சைட்டின் இரு பக்கத்தையும் விரலால் பிடித்து, ஸ்லைடின் நீளத்துக்கு இணையாக ஒரு எஃகு அளவுகோலைச் சாய்த்துப் பார்த்தபடி இறுக்குங்கள். டவ்டெயிலில் போகும் பூட்டுத் திருகைப் போலன்றி, இதற்கு முதல் தடவையே பசை போட்டுவிடலாம்: திருகின் புரியில் ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சியது குழல் ஓடும் பாதையில் வடியும். திருகு மிகச் சிறியது. விரல் நுனி வலிமையே போதும், மணிக்கட்டைப் பயன்படுத்தினால் தலை முறியும். இறுக்கிய பின் குழலை வைத்து ஸ்லைடுக்குள் அசைத்துப் பார்த்து, திருகுத் தலை எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

சுட்டு நேர் வைத்தல்

துப்பாக்கியை முழுவதும் சேர்த்து, தோட்டா இல்லாமல் இயக்கிப் பார்த்த பிறகே சுடுதளத்துக்குப் போங்கள். பசை போட்டிருந்தால் 24 மணி நேரம் விடுங்கள்.

மணல் மூட்டையின் மேல் மணிக்கட்டையோ துப்பாக்கியின் பிடியையோ தாங்க வைத்துச் சுடுங்கள். குழலோ ஸ்லைடோ மூட்டையைத் தொடக் கூடாது. முதலில் 7 மீட்டரில் ஐந்து குண்டுகள், தாளில் படுகிறதா என்று பார்க்க. பிறகு 15 மீட்டரில் ஐந்து ஐந்தாக மூன்று தாள்கள். ஒவ்வொரு தாளிலும் துளைகளின் நடுவைக் குறியுங்கள். ஓடிப்போன ஒற்றைத் துளைக்காகச் சைட்டை நகர்த்த வேண்டாம். மூன்று நடுப்புள்ளிகளும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே தூரம் தள்ளி இருந்தால்தான் அது சைட்டின் பிழை. வலது கைக்காரர் ஒருவரின் குண்டுகள் இடப்பக்கம் கீழே சிதறிக் கிடந்தால், பெரும்பாலும் விசையை வெடுக்கென்று இழுக்கும் விரலின் பிழை. சைட்டை வலப்பக்கம் தள்ளி அதை மறைக்கலாம், விரல் திருந்திய அன்று துப்பாக்கி வலப்பக்கம் சுடும். நன்றாகச் சுடும் இன்னொருவரிடம் கொடுத்து ஐந்து குண்டு சுடச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும். தோட்டாவும் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே வகையாக இருக்கட்டும், 9 மி.மீ. தோட்டாவில் 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டும் 147 கிரெய்ன் குண்டும் ஒரே உயரத்தில் படுவதில்லை.

நகர்த்தும் திசையை மனத்தில் வைக்க எளிய வழி: பின் சைட் குண்டை எங்கே போகச் சொல்கிறதோ அங்கே நகரும், முன் சைட் அதற்கு எதிராக நகரும். குண்டு இடப்பக்கம் படுகிறது, அதை வலப்பக்கம் கொண்டுவர வேண்டும் என்றால் பின் சைட்டை வலப்பக்கம் தள்ளுங்கள். குண்டு கீழே படுகிறது என்றால் பின் சைட் உயர வேண்டும், அல்லது முன் சைட் தாழ வேண்டும்.

எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. குண்டு தள்ளிப் படும் அளவை இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும்; எல்லாமே மி.மீ. கணக்கில். 15 மீட்டரில் குண்டுகள் 50 மி.மீ. இடப்பக்கம் படுகின்றன, சைட்டுகளின் இடைவெளி 165 மி.மீ. என்றால், 50ஐ 165ஆல் பெருக்கி 15,000ஆல் வகுக்க 0.55 மி.மீ. வரும். அரை மி.மீ.க்குச் சற்று அதிகம். கண் மதிப்பில் தட்டுகிறவர்கள் முதல் அடியிலேயே அதைத் தாண்டிப் போய்விடுவது ஏன் என்பது இப்போது புரியும். சைட்டின் அடியிலிருந்து ஸ்லைடு வரை மெல்லிய பென்சில் கோடு ஒன்று போட்டுக்கொண்டு, புஷரின் முனை சைட்டைத் தொடும் வரை திருகி, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். திருகின் புரி இடைவெளி 1 மி.மீ. என்றால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். காலிபரால் மறுபடியும் அளந்து, எழுதி, சுடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது தடவையிலேயே நடுவுக்கு வந்துவிடும்.

உயரத்தைத் தள்ளிச் சரிசெய்ய முடியாது. வேறு உயரமுள்ள சைட் வேண்டும். குளோக்கின் பின் சைட்டுகள் 6.1, 6.5, 6.9, 7.3 மி.மீ. என்ற உயரங்களில் வருகின்றன. ஒரு படி 0.4 மி.மீ.; அதே 165 மி.மீ. கணக்கில் ஒரு படி மாறினால் 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 6 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். 15 மீட்டரில் ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசத்துக்காக இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. முன் சைட்டின் மேல் விளிம்பை அரத்தால் தேய்த்துத் தாழ்த்தலாம் என்பது சாதாரண எஃகுச் சைட்டுக்குச் சொன்ன பழைய யோசனை. மேல் விளிம்புக்குச் சில மி.மீ. கீழே கண்ணாடிக் குழாய் இருக்கும் சைட்டில் அரத்தை வைக்கவே கூடாது.

நேர் வைத்தாயிற்று என்றால், பூட்டுத் திருகை முழுவதும் எடுத்து, புரியை ஆல்கஹாலால் துடைத்து, நீலப் பசை ஒரு துளி இட்டு இறுக்குங்கள். இறுக்கும்போதும் சைட் நகரலாம். பென்சில் கோட்டைப் பாருங்கள். பிறகு அந்தக் கோட்டின் இடத்தில் வெள்ளை வண்ணத்தால் மயிரிழைக் கோடு ஒன்று போட்டுவிட்டால், பின்னாளில் சைட் நகர்ந்ததா என்பது ஒரு பார்வையில் தெரியும். முதல் 200 குண்டுகள் வரை ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. துப்பாக்கி காலி என்பதை மறுபடி உறுதி செய்துகொண்டு இருட்டறையில் புள்ளிகளைச் சமமாக வைத்து, கையை அசைக்காமல் விளக்கைப் போடச் சொல்லுங்கள். விளிம்புகளும் சமமாக நின்றால், பகல் நேரும் இரவு நேரும் ஒன்றுதான்.

பழையதும் உடைந்ததும்

கழற்றிய சைட்டைக் குப்பையில் போடக் கூடாது. ஒளி மங்கினாலும் வாயு கொஞ்சம் மிச்சம் இருக்கும். பல நாடுகளில் அது கதிரியக்கப் பொருளுக்கான விதிகளின் கீழ் வருவது. தயாரிப்பாளருக்கே திருப்பி அனுப்புவது பொதுவான வழி. தபாலில் போடுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையின் நடுவே குழாய் உடைந்துவிட்டால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ட்ரிட்டியத்தின் எலக்ட்ரான் காற்றில் சில மி.மீ. தூரமே போகும், தோலின் மேலடுக்கைத் தாண்டாது. கவலை, அது உடலுக்குள் போவதைப் பற்றியதுதான். வாயு நிலையில் மூச்சோடு போனால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். நீராக மாறிய ட்ரிட்டியத்தை உடல் பல்லாயிரம் மடங்கு அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஜன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறி, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, காற்று நன்றாக மாறிய பிறகு கையுறையோடு திரும்பி வந்து, துண்டுகளை ஈரத்தாளால் ஒற்றி எடுத்து, மூடும் பையில் போட்டுத் தனியாக வையுங்கள். அதுவரை அந்த மேசையில் சாப்பாடும் தேநீரும் வேண்டாம். சைட்டின் துளையை ஊசியால் நோண்டிச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். உடைந்த குழாயோடு அந்தச் சைட் முழுவதும் அதே பைக்குள் போக வேண்டியது.

புதிய சைட்டின் தயாரிப்பு ஆண்டையும், பொருத்திய தேதியையும், கடைசியாக அளந்த எண்களையும் அதே தாளில் எழுதித் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தத் தாளைத் தேடப் போகிறவர் பெரும்பாலும் நீங்களேதான்.